ட்ரோன்ல மருந்து அடிக்கிறது: வாடகையா, சொந்தமா? வாங்கறதுக்கு முன்னாடி கணக்கு போடறது எப்படி

டெமோ போட வர்ற கம்பெனிக்காரங்க மூணு விஷயத்த அடிச்சுச் சொல்லுவாங்க, மருந்து மிச்சம், தண்ணி மிச்சம், நேரம் மிச்சம்னு. இதுல தண்ணியும் நேரமும் நெஜம்தான், கைத்தெளிப்பான்ல ஏக்கருக்கு 200 லிட்டர் கலக்கற இடத்துல ட்ரோன் 10 லிட்டர்ல முடிச்சுடும், ஏக்கருக்குப் பத்து நிமிஷம் ஆனா பெருசு. ஆனா மருந்து மிச்சம்ங்கறத மட்டும் உங்க கணக்குல சேத்துடாதீங்க. டப்பா லேபிள்ல எக்டேருக்கு இத்தனை மில்லின்னு போட்டிருக்கும்ல, அத 2.5 ஆல வகுத்தா ஏக்கர் அளவு வந்துடும், ட்ரோன்ல அடிச்சாலும் அதே மில்லிதான் போடணும், குறையறது தண்ணி மட்டும்.

வெளிநாட்டுல ஜான் டீர் மாதிரி கம்பெனி விக்கிற கேமரா வச்ச ஸ்பிரேயர் இருக்கு, அது களையப் பாத்து களை மேல மட்டும் அடிக்கும், அங்க மருந்து நெஜமாவே மிச்சமாகுது. நம்ம ஊருக்கு வர்ற ட்ரோன் அப்படி இல்ல, வயல் முழுக்க ஒரே சீரா அடிக்கிற மிஷின். ரெண்டையும் குழப்பி விக்கிறாங்க, அதான் சொல்றேன்.

சொல்லப்போனா சில பேருக்கு ட்ரோன் வந்தப்புறம் மருந்து செலவு ஏறக்கூட செய்யும். ஏன்னா நம்மாளுங்க அளக்கறது கைத்தெளிப்பான் டேங்குக் கணக்குல, டேங்குக்கு இத்தனை மில்லின்னு கடைக்காரர் சொல்லிடுவாரு, அடிக்கிறவர் ஏக்கருக்கு 10, 12 டேங்க் அடிக்கணும், ஆனா ஏக்கர் கணக்குல கூலி பேசியிருந்தா ஆறு டேங்க்லயே ஓட்டிட்டுப் போயிடுவாரு. டேங்குக் கணக்குல கூலின்னா பதினஞ்சு டேங்க் ஆகும். ஒண்ணு மருந்து பத்தாம போவும், இல்ல அதிகமாப் போவும். ட்ரோன்ல சரியான அளவு விழும், அது உங்களோட பழைய செலவ விட கூடவா குறைச்சலாங்கறது இதுவரைக்கும் நீங்க எப்படி அடிச்சீங்கங்கறதப் பொறுத்தது.

அப்ப லாபம் எங்கதான் இருக்கு? ரெண்டே இடம். ஒண்ணு ஆள் கூலி, இன்னொண்ணு நாள். ரெண்டாவதுதான் பெருசு, அத யாரும் நோட்டுல எழுதறதில்ல.

மொதல்ல இப்ப ஆகற செலவ எழுதுங்க

ஒரு ஏக்கருக்கு, ஒரு தடவை அடிக்க. டேங்குக்கு 60 ரூபான்னு வச்சுக்குவோம், 10 டேங்க், 600 ரூபா. தண்ணி தூக்கிக் குடுக்க ஒரு ஆள் வேணும்னா அதையும் சேருங்க. டீ, வடை, வண்டி பெட்ரோல். பவர் ஸ்பிரேயர் வாடகைன்னா அது தனி. நீங்களே முதுகுல மாட்டி அடிச்சா கூலி சும்மான்னு நினைக்காதீங்க, அன்னிக்கு வேற வேலைக்குப் போயிருந்தா என்ன கெடைச்சிருக்குமோ அதான் உங்க கூலி. ட்ரோன் வாடகை பல ஊர்ல ஏக்கருக்கு 400ல இருந்து 600க்குள்ள ஓடுது, ஊருக்கு ஊர், சீசனுக்கு சீசன் மாறும், உங்க ஊர் ரேட்டப் போட்டுப் பாத்துக்குங்க.

பாத்தீங்கன்னா வித்தியாசம் ஒண்ணும் பெருசா இருக்காது, ஏக்கருக்கு 50, 100. இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்னு தோணும். தோணட்டும், இப்பதான் அந்த ரெண்டாவது விஷயம் வருது.

சம்பாப் பட்டத்துல நவம்பர் மாசம், மழை விடாம ஊத்துது, நடுவுல ரெண்டு நாள் வெறிக்குது. ஊர்ல எல்லாருக்கும் அதே ரெண்டு நாள்தான். எல்லாரும் ஒரே நாள்ல ஆள் தேடுவாங்க, இருக்கற நாலு பேரும் அடுத்த தெருக்காரர் வயல்ல இருப்பாங்க. பத்து ஏக்கர ரெண்டு ஆள் வச்சு அடிச்சு முடிக்கறதுக்குள்ள மறுபடி மழை புடிச்சுக்கும், பாதி வயல் அடிச்சும் பாதி அடிக்காமலும் நிக்கும். ட்ரோன் வந்தா அந்த பத்து ஏக்கரும் ரெண்டு மணி நேரம். இதுக்கு என்ன விலை? 2025-26க்கு தமிழ்நாட்டுல டிபிசி, அதாவது அரசாங்க நேரடி நெல் கொள்முதல் நிலைய ரேட்டு ஊக்கத்தொகையோட சேத்து சாதா ரகத்துக்கு குவிண்டாலுக்கு 2,500 ரூபா, அப்ப 60 கிலோ மூட்டை ஒண்ணு 1,500 ரூபா. சரியான நாள்ல அடிச்சதுனால ஏக்கருக்கு ஒரே ஒரு மூட்டை தப்பிச்சாலும் ரெண்டு மூணு தடவை ட்ரோன் வாடகை அதுலயே வந்துடுது. அதனால ரேட்டுல 50 ரூபா குறைக்கச் சொல்லி சண்டை போடறத விட, கூப்பிட்ட நாள்ல வருவாராங்கறத உறுதி பண்ணிக்கறதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொண்ணு, காசுல எழுத முடியாதது. 2017ல மகாராஷ்டிரால யவத்மால் மாவட்டத்துல பருத்திக்கு மருந்து அடிச்சவங்க இருபது பேருக்கு மேல செத்துப்போனாங்க, ஆள் ஒசரம் வளந்த செடிக்குள்ள பூந்து அடிக்கிறப்ப மருந்து பூரா மூஞ்சிலதான் விழும். கரும்பு, சோளம், பருத்தி போடறவங்க இந்த ஒரு காரணத்துக்காகவே வாடகை ட்ரோனுக்கு மாறலாம், லாபம் சுழியமா இருந்தாலும் சரி.

அடிக்கணுமான்னு மொதல்ல பாருங்க

ட்ரோன் வந்ததுல ஒரு கெட்ட பழக்கமும் வந்திருக்கு, பக்கத்து வயலுக்கு வந்துருச்சு, அப்படியே நம்மளதையும் அடிச்சிட்டுப் போகட்டும்னு. இது சுத்த வேஸ்ட். நெல்லுல குருத்துப்பூச்சிக்கு 10 சதவீதம் நடுக்குருத்து காஞ்சாதான் அடிக்கணும்னு பொருளாதார சேத நிலை வச்சிருக்காங்க, இலைச்சுருட்டுப் புழுவுக்குப் பயிர் வளர்ற காலத்துல 10 சதவீதம் இலை சேதம், கண்ணாடி இலை (கதிருக்கு முந்தி வர்ற கடைசி இலை) பருவத்துல 5 சதவீதம். வயல்ல இறங்கி நாலு மூலையும் நடுவுலயும் எண்ணிப் பாக்க அரை மணி நேரம் ஆகும், அந்த அரை மணி நேரத்துல ஒரு தடவை மருந்து, வாடகை ரெண்டும் சேத்து ஏக்கருக்கு ஆயிரம் ரூபாக்கு மேல மிச்சம் பண்ணலாம். துல்லியம் துல்லியம்னு பேசறோம்ல, இத விடத் துல்லியம் வேற கெடையாது, இதுக்குப் பேட்டரியும் வேணாம்.

அதே மாதிரி கைத்தெளிப்பான்லயே நாசில் தேஞ்சு போயிருக்கான்னு பாருங்க. தேஞ்ச நாசில்ல மருந்து ஒழுகும், ஒரே எடத்துல கொட்டும். புதுசு மாத்த ரொம்ப கம்மியாத்தான் ஆகும். களைக்கொல்லிக்கு விசிறி நாசில், பூச்சிக்குக் கூம்பு நாசில், இது கூட மாத்தாம ஒரே நாசில்ல எல்லாத்தையும் அடிச்சிட்டு ட்ரோன் விலை விசாரிக்கற ஆளுங்க நெறைய.

எந்தப் பயிருக்கு சரி வரும், எதுக்கு வராது

ட்ரோன் மேல இருந்து அடிக்குது, இத மனசுல வச்சுக்கிட்டா பாதி கேள்விக்கு பதில் தானா வந்துடும். இலைச்சுருட்டுப் புழு, குலை நோய், கதிர் வர்ற நேரத்துல நெற்பழ நோய்க்கு முன்கூட்டி அடிக்கிறது, இதுக்கெல்லாம் நல்லா வேலை செய்யும். மக்காச்சோளத்துல படைப்புழு குருத்துக்குள்ளதான் உக்காந்திருக்கும், மேல இருந்து விழற மருந்து நேரா குருத்துல போய் சேரும், அதுக்கும் சரி. கரும்பு அஞ்சு மாசத்துக்கு மேல ஆச்சுன்னா மனுஷன் உள்ள போகவே முடியாது, அங்க ட்ரோனுக்குப் போட்டியே இல்ல.

நெல்லுல வர்ற புகையான் பூச்சி வேற கதை. அது பயிரோட தூர்ல, தண்ணி மட்டத்துக்கு மேல உக்காந்து சாறு உறிஞ்சும். பயிர நடுவுல விலக்கி, பட்டம் பிரிச்சு, நாசில தூர்ப் பக்கம் காட்டி அடின்னு சொல்றது அதனாலதான். அடர்த்தியா வளந்த பயிர்ல ஏக்கருக்கு 10 லிட்டர் தண்ணி அடி வரைக்கும் எறங்கறது கஷ்டம், றெக்கைக் காத்து கொஞ்சம் தள்ளி விடும், ஆனா நம்பி உக்காந்துடாதீங்க, மறுநாள் தூரத் தட்டிப் பாத்துடுங்க. தென்னைல சுருள் வெள்ளை ஈயும் அப்படித்தான், அது இலைக்கு அடிப்பக்கம், ட்ரோன் அடிக்கிறது மேல்பக்கம்.

களைக்கொல்லிக்கு ட்ரோன் எடுக்கறதுல எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்ல. துளி ரொம்ப சின்னது, காத்து அடிச்சா பக்கத்து வயலுக்குப் போயிடும். 2,4-டிங்கற களைக்கொல்லி கொஞ்சூண்டு பருத்தில பட்டாலே இலை சுருங்கிப்போவும், அப்புறம் பஞ்சாயத்து, நஷ்டஈடு, ஜென்மப் பகை. பக்கத்துல மல்பெரி இருந்தா பூச்சிமருந்து அடிக்கவே யோசிக்கணும், பட்டுப்புழு ஒரே நாள்ல போயிடும். மீன் குட்டை, தேனீப் பெட்டி இதெல்லாமும் பாத்துக்குங்க. இந்த நஷ்டஈடும் செலவுக் கணக்குல ஒரு வரிதான்.

இலைவழி உரத்துல ஒரு சிக்கல் இருக்கு. உளுந்துக்கு 2 சதவீதம் டிஏபி கரைசல்னா ஏக்கருக்கு 4 கிலோ டிஏபிய ராத்திரி ஊற வச்சு வடிகட்டி 200 லிட்டர்ல கலக்கறோம். அந்த 4 கிலோவ 10 லிட்டர்ல கரைச்சா 40 சதவீதம், நாசில் அடைக்கும், இலை கருகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட பயறு ஒண்டர்ங்கற இலைவழி ஊட்டக் கலவையும் ஏக்கருக்கு 2 கிலோ, அதையும் 200 லிட்டர் கணக்குலதான் சொல்லியிருக்காங்க. அதனால பயறுக்கு இந்த மாதிரி தெளிப்பு முக்கியம்னு நினைக்கறவங்க கைத்தெளிப்பான விக்காதீங்க. ட்ரோன்காரங்க நானோ யூரியா, நானோ டிஏபின்னு திரவ உர பாட்டிலோட வர்றதுக்கும் இதான் காரணம், அதான் ட்ரோன் டேங்க்ல அடங்கும். நானோ யூரியா பேசற அளவுக்கு வேலை செய்யுதான்னு விஞ்ஞானிங்களுக்குள்ளயே இன்னும் சண்டை ஓயல, அதனால ட்ரோனுக்கு ஆசப்பட்டு உர மூட்டையக் குறைச்சுடாதீங்க.

வாடகைக்குக் கூப்பிடறப்ப

ஒத்த ஆளா மூணு ஏக்கருக்குக் கூப்பிட்டா வர மாட்டாங்க, வந்தாலும் ரேட்டு ஏறும், ஏன்னா அவங்களுக்கு வண்டில ஏத்தி எறக்கறதுலயே காலைப் பொழுது போயிடும். வரப்புக்கு வரப்பு இருக்கற எட்டு பத்து பேர் சேந்து 20, 25 ஏக்கர் ஒரே நாள்ல முடியற மாதிரி பேசுங்க, ரேட்டும் குறையும், நம்ம நாளும் உறுதியாகும். ஒரே பருவத்துல நட்டிருக்கணும், இல்லாட்டி இந்த ஐடியா ஓடாது.

அடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பைலட்கிட்ட கேக்க வேண்டியது: ஏக்கருக்கு எத்தனை லிட்டர் செட் பண்ணியிருக்கீங்க, பயிருக்கு மேல எவ்ளோ ஒசரம், லைசென்ஸ் இருக்கா. சில பேர் பேட்டரிய மிச்சம் புடிக்க ஏக்கருக்கு 6 லிட்டர்ல ஓட்டி, ஒசரத்துல வேகமாப் பறக்க விட்டு நாலு நிமிஷத்துல முடிச்சுடுவாங்க, நமக்குப் பாக்க ஜோரா இருக்கும், மருந்து வரி வரியா விழுந்திருக்கும். அங்கங்க வெள்ளைப் பேப்பர குச்சில குத்தி வயலுக்குள்ள வச்சுட்டு, டேங்க்ல கொஞ்சம் கலர் கலந்து ஒரு தரம் ஓட்டிப் பாத்தா துளி எப்படி விழுதுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சிடும். பயிர்ப் பரப்ப மிஷினே அளந்து காட்டும், இதுல பல பேருக்கு அதிர்ச்சி, அஞ்சு ஏக்கர்னு நினைச்சிட்டு இருந்த வயல் நாலரைதான்னு காட்டும், வரப்பு வாய்க்கால் போக அவ்ளோதான் இருக்கும், காசு அந்த அளவுக்குக் குடுத்தா போதும், மருந்தும் அந்த அளவுக்கு.

ரெண்டு மருந்து சேத்துக் கலக்கறதா இருந்தா கட்டாயம் பாட்டில்ல கலந்து பாருங்க. 200 லிட்டர்ல போற மருந்து 10 லிட்டர்ல போவுது, அப்ப கரைசல் 20 மடங்கு கெட்டி, கைத்தெளிப்பான் டேங்க்ல ஒத்துப்போன கலவை ட்ரோன்ல தயிர் மாதிரி திரியலாம். பவுடர் மருந்த முடிஞ்சவரைக்கும் தவிர்த்துடுங்க. அடிக்கறது காலைல பத்து மணிக்குள்ள, இல்ல சாயங்காலம்.

சொந்தமா வாங்கணும்னா

இங்கதான் ஆளுங்க மாட்டிக்கறது. மானியம் இருக்குங்கறதுக்காக வாங்கறாங்க. வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத் திட்டத்துல விவசாயிக்கு விலையில 40 சதவீதம், அதிகபட்சம் 4 லட்சம், சிறு குறு, எஸ்சி எஸ்டி, பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம். மகளிர் குழுக்களுக்கு நமோ ட்ரோன் தீதி, அதுல 80 சதவீதம், 8 லட்சம் வரைக்கும். அந்த தீதி திட்டத்த அறிவிச்சப்ப அரசாங்கமே சொன்னது, ஒரு குழுவுக்கு வருஷம் குறைஞ்சது 1 லட்சம் கூடுதல் வருமானம் வரும்னு. அத நல்லா யோசிங்க. 80 சதவீதம் மானியத்துல வாங்கறவங்களுக்கு வருஷம் 1 லட்சம் நல்ல காசு. 10 லட்சம் கைக்காசு போட்டு வாங்கறவருக்கு அதே 1 லட்சம்னா முதல் திரும்பறதுக்கே பத்து வருஷம், அந்த மிஷின் பத்து வருஷம் இருக்காது.

ஒரு கணக்குப் போடுவோம், எண்ணெல்லாம் உதாரணத்துக்கு, உங்க கொட்டேஷன் எண்ணப் போட்டு மாத்திக்குங்க. பேட்டரி செட், சார்ஜர், ஜெனரேட்டரோட 7 லட்சம். 40 சதவீதம் மானியம் போக கைல இருந்து 4,20,000. நாலு வருஷத்துல மிஷின் தேஞ்சிடும்னு வச்சா வருஷத்துக்கு 1,05,000. வட்டி சுமாரா 35,000. இன்சூரன்ஸ், சர்வீஸ் 40,000. ஆக வருஷம் 1,80,000, ட்ரோன் வீட்டுல தூங்கினாலும் இது ஆகும்.

அடுத்து பறந்தா ஆகற செலவு, ஏக்கருக்கு. பைலட் 100, உதவி ஆள் 50, வண்டி ஜெனரேட்டர் பெட்ரோல் 60, றெக்கை நாசில் பம்பு தேய்மானம் 20. மிச்சம் பேட்டரி, அதான் எல்லாரும் மறக்கறது. ஒரு செட் 45,000 ரூபா, 300 தடவை சார்ஜ் தாங்கும்னா ஒரு தடவைக்கு 150 ரூபா, ஒரு சார்ஜுல ஒரு ஏக்கர்தான் போவுதுன்னா ஏக்கருக்கு 150. கரண்ட் செலவு, பெட்ரோல் செலவெல்லாம் இத விட கம்மிதான். மொத்தம் 380. வாடகை 550 கெடைச்சா கைல நிக்கறது 170.

1,80,000 ஐ 170 ஆல வகுங்க, 1,059 ஏக்கர். வருஷத்துக்கு அவ்ளோ அடிச்சாதான் முதலுக்கு முதல், அதுக்கு மேலதான் லாபம். ஒரு நாளைக்கு 20 ஏக்கர்னு வச்சா 53 நாள். மானியம் இல்லாம வாங்கினா இந்த எண் 1,600 ஏக்கருக்கு ஏறிடும். நீங்களே பைலட் ஆனா ஏக்கருக்கு 270 நிக்கும், 667 ஏக்கர் போதும். ஆர்டர் புடிச்சுக் குடுக்கற ஏஜென்டுக்கு ஏக்கருக்கு 50 அழுதா, பைலட்டும் வேற ஆள்னா, 1,500 ஏக்கர். அதாவது மானியம் எவ்ளோங்கறத விட யார் ஓட்டறது, யார் ஆர்டர் புடிக்கறதுங்கறது கணக்க நிறைய மாத்துது.

இப்ப சொந்த நிலத்தப் பாருங்க. பத்து ஏக்கர், ரெண்டு போகம், போகத்துக்கு நாலு தடவை, மொத்தம் 80 ஏக்கர் அடிப்பு. 667 எங்க, 80 எங்க. சொந்த வயலுக்குன்னு மட்டும் வாங்கறதுல அர்த்தமே இல்ல, வாங்கினா அது விவசாயம் இல்ல, வாடகைத் தொழில், அந்த மனசோட எறங்கணும்.

53 நாள்னு சொன்னது கேக்க சின்னதா இருக்கும், ஆனா டெல்டால எல்லாருக்கும் ஒரே வாரத்துல வேணும், மிச்ச நாள்ல ஒருத்தருக்கும் வேணாம், மழை நாள், காத்து நாள் வேற போயிடும். நெல்ல மட்டும் நம்பாம பக்கத்து மாவட்டத்து மக்காச்சோளம், பருத்தி, கரும்புன்னு வேற வேற மாசத்துல வேலை வர்ற பயிரா சேத்துக்கிட்டவங்கதான் தாக்குப் புடிக்கறாங்க. சுத்துல எத்தனை ட்ரோன் ஏற்கனவே ஓடுதுன்னும் எண்ணிக்குங்க, மகளிர் குழு மானிய ட்ரோன் பக்கத்துல இருந்தா அவங்க ரேட்டுக்கு நீங்க எறங்க முடியாது. அப்புறம் கடன். அறுப்பு முடிஞ்சு தரேம்பாங்க, ஊருக்குள்ள முடியாதுன்னு சொல்லவும் முடியாது, நோட்டுல 800 ஏக்கர் காசு இருக்கும், பேங்க் தவணைக்கு கைல இருக்காது. மூணு மாச தவணையத் தனியா எடுத்து வச்சுட்டு ஆரம்பிங்க, மரத்துலயோ ஈபி கம்பிலயோ மோதினா ரிப்பேருக்கும் ஒரு தொகை தனியா.

சட்டப்படி பாக்க வேண்டியதையும் சொல்லிடறேன். 2021 ட்ரோன் விதிப்படி 2 கிலோவுக்கு மேல 25 கிலோ வரைக்கும் இருக்கறது ஸ்மால் வகை, 10 லிட்டர் ட்ரோன் பெரும்பாலும் இதுலதான் வரும். ஓட்டறவருக்கு ரிமோட் பைலட் சர்டிபிகேட் வேணும், டிஜிசிஏ (மத்திய அரசோட விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அனுமதிச்ச பயிற்சி நிலையத்துல படிக்கணும், பத்தாவது பாஸ், வயசு 18ல இருந்து 65க்குள்ள. மிஷினுக்கு டைப் சர்டிபிகேட் (அந்த மாடலுக்குக் குடுக்கற தகுதிச் சான்று), பதிவு எண், தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ். பாதி விலைக்கு அசெம்பிள் பண்ணித் தரேன்னு வர்றவங்க ட்ரோனுக்கு இந்த டைப் சர்டிபிகேட் இருக்காது, அப்ப மானியமும் இல்ல, இன்சூரன்ஸும் இல்ல, விபத்தாச்சுன்னா நீங்கதான் பொறுப்பு. 2025 செப்டம்பர்ல இருந்து ட்ரோனுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், பழைய வரியப் போட்ட கொட்டேஷன நீட்டினா திருப்பிக் குடுத்துடுங்க.

மானியத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் ஆபீஸ்ல போய் கேளுங்க, அந்த வருஷ ஒதுக்கீடு மிச்சம் இருக்கா, எந்தெந்த மாடல் லிஸ்ட்ல இருக்குன்னு, அனுமதி கைக்கு வர்றதுக்கு முன்னாடி கம்பெனிக்கு அட்வான்ஸ் கட்டாதீங்க. கம்பெனிகிட்ட கேக்க வேண்டியது, சர்வீஸ் சென்டர் எந்த ஊர்ல, சீசன் நடுவுல மோட்டார் போனா எத்தனை நாள்ல ஸ்பேர் வரும், மாத்து மிஷின் தருவீங்களா, பேட்டரிக்கு எத்தனை சார்ஜ் வரைக்கும் வாரன்டி. வாயால சொல்றத நம்பாம கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க. அதே மாடல ரெண்டு வருஷமா ஓட்டற ஒருத்தரத் தேடிப் புடிச்சு, இதுவரைக்கும் எத்தனை பேட்டரி மாத்தினீங்கன்னு கேட்டுட்டு வந்து, மேல போட்ட கணக்குல அந்த 150ங்கற எண்ண மாத்திப் போட்டுப் பாருங்க.